அடைக்கோழியும் அயல்வீட்டு முட்டையும்

அரபு மொழியிலே ‘ஹளன’ என்றொரு வினைச்சொல் உண்டு. பறவை தன் முட்டையை அணைத்துக்கொண்டு கிடப்பதை அது குறிக்கும். அக்குளுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட விலாப்புறத்திற்கு ‘ஹிள்ன்’ என்று பெயர். தாய்மார் குழந்தையை இடுக்கிக்கொள்ளும் இடம் அதுவே. அவ்வேரிலிருந்து கிளைத்த மற்றொரு சொல் ‘ஹளானத்’. தாயும் தந்தையும் பிரிய நேர்ந்தால் சிறு குழந்தையை வைத்து வளர்க்கும் உரிமை யாருக்கு என்று பேசுகின்ற சட்டநூற் பகுதிக்கு அதுவே தலைப்பு. மதரஸாவில் ஓதிய காலத்தில் இச்சொற்களை மனனம் செய்தேன். முட்டைக்கும் மழலைக்கும் ஒரே வேர்ச்சொல் எதற்கு என்று ஆசிரியரைக் கேட்கவேண்டும் என அன்று தோன்றவில்லை. அதற்கான விளக்கம் பல்லாண்டுகள் கழிந்து எங்கள் வீட்டுக் கொல்லையிலே கிடைத்தது.

தமிழும் இவ்விடத்தில் வறியதன்று. ‘அடைகாத்தல்’ என்கிறோம். தென்பாண்டிச் சீமையிலே ‘அவயம் வைத்தல்’ என்பர். அரபி அணைப்பைக் கண்டு பெயரிட்டான். தமிழன் காவலைக் கண்டு பெயரிட்டான். கோழியோ இரண்டையும் ஒருசேரச் செய்கிறது.

எங்கள் கொல்லையில் எந்நாளும் பத்துப் பன்னிரண்டு கோழிகள் உண்டு. சிறுவிடை இனம், உருவிற் சிறியது, அடையில் உறுதி மிக்கது. அவை என் மனைவிக்கு உரியவை. முட்டை விற்ற காசில் எனக்குப் பங்கில்லை; கேட்பதும் இல்லை; கேட்டாலும் கிடைக்காது. தீனி வாங்கி வருவதும் கூடு செப்பனிடுவதும் அவ்வப்போது ‘மஸ்அலா’ சொல்வதுமே எனக்கு இடப்பட்ட பணிகள். ஆகவே இங்கு நான் எழுதுவன எல்லாம் அருகிருந்து கண்டவை எனக் கொள்க. கைத்திறன் அவளுடையது.

ஒரு பெட்டை அடைக்கு வந்துவிட்டது என்பதை அறிவது எளிது. பொழுது சாய்ந்ததும் மற்றவை கூட்டில் ஏறி அடையும். இதுவோ முட்டையிட்ட இடத்தைவிட்டு அசையாது. கை நீட்டினால் இறகைச் சிலிர்த்து, தொண்டைக்குள்ளே உறுமிக் கொத்தும். கொண்டைச் சிவப்பு வெளிறும். வயிற்றடி இறகுகள் உதிர்ந்து வெறுந்தோல் முட்டையிற் படும். நாளுக்கொருமுறை எழுந்து, அவசர அவசரமாகத் தின்று, நீர் குடித்து, நாற்றமிக்க பெரிய எச்சமொன்றை இட்டு, கால்மணி நேரத்தில் திரும்பிவிடும். புரோலாக்டின் என்னும் சுரப்பு இரத்தத்தில் மிகுவதே இதற்குக் காரணம் என்று இக்கால அறிவியல் கூறுகிறது. பாலூட்டும் உயிர்களில் பால் சுரக்கச் செய்வதும் அதுவே என்று அறிந்தபோது, ‘ஹளன’ என்னும் வேர்ச்சொல்லை மீண்டும் ஒருமுறை எண்ணிக்கொண்டேன்.

மனிதன் நினைத்தால் இக்குணத்தை அழித்துவிடவும் முடியும். முட்டைக்கென்றே தேர்ந்து பெருக்கப்பட்ட வெள்ளை லெகார்ன் இனத்துப் பெட்டைகள் அடைகாப்பதை ஏறக்குறைய மறந்துவிட்டன. நாமக்கல் பண்ணைகளில் இலட்சக்கணக்கில் முட்டையிடும் கோழிகளுக்குத் தாய்மை என்பது இயந்திரத்தின் வேலை. இது இக்காலப் புதுமை என்று எண்ணிவிட வேண்டாம். கி.பி. 1231இல் மறைந்த பேரறிஞர் அப்துல் லத்தீப் அல்பக்தாதி, எகிப்தில் தாம் கண்டவற்றை எழுதிய நூலில், சாணத்தை எரித்து வெப்பமூட்டிய அடுப்பறைகளில் கோழி முட்டைகளைப் பொரிக்கும் முறையை விரிவாக வருணித்துள்ளார். அந்நாட்டில் கோழி தானே அமர்ந்து பொரித்த குஞ்சைக் காண்பது அரிது என்பதையும் குறித்திருக்கிறார்.

கொல்லைக் கோழிக்குத் திரும்புவோம். முட்டை புதிதாக இருக்கவேண்டும். ஒரு வாரத்திற்கு மேற்பட்டது ஆகாது. கோடையில் அதுவும் மிகுதி. அறையின் சூடே கருவை அரைகுறையாகத் தூண்டிவிடும். சிறுவிடை ஒன்றுக்கு ஒன்பது முதல் பதினொரு முட்டை போதுமானது. உடலுக்கு வெளியே ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால், கோழி முட்டைகளைப் புரட்டும்போது இன்று அதுவும் நாளை இன்னொன்றுமாக எல்லாமே குளிர்ந்துபோகும். மூங்கிற் கூடையில் ஆற்றுமணலும் சாம்பலும் பரப்பி, மேலே வைக்கோலும் வேப்பிலையும் இடுவது எங்கள் வழக்கம். பேனும் செள்ளும் அண்டா. இடியோசைக்கு முட்டை கெடும் என்று சொல்லி இரும்புத்துண்டும் மிளகாய் வற்றலும் கரித்துண்டும் கூடையில் போடுவார்கள். இடிக்கு இரும்பு என்ன செய்யும் என்று நான் கேட்டதுண்டு. கரித்துண்டுக்கு மட்டும் ஒரு பயன் இருக்கிறது. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

கோழியை இடம் மாற்ற வேண்டுமாயின் இருட்டிய பின்னரே மாற்றவேண்டும். பகலில் மாற்றினால் பழைய இடத்திற்கே ஓடும். இரண்டு நாள் பொய்முட்டை வைத்துப் பார்த்து, அமர்ந்துவிட்டது என உறுதியான பின் நல்ல முட்டைகளை வைப்பது உத்தமம். ஏழாம் நாள் இரவில் ஒவ்வொன்றாக விளக்கொளியில் பிடித்துப் பார்த்தால், கருப்பிடித்த முட்டையில் சிலந்தி கால் விரித்ததுபோல் செந்நரம்புகள் தெரியும். ஒன்றுமின்றித் தெளிந்திருப்பது கூமுட்டையாகும். முன்பு மண்ணெண்ணெய் விளக்கும் அட்டைக் குழலும் கொண்டு பார்த்தோம். இன்று கைப்பேசியின் வெளிச்சமே போதும்.

எல்லாக் கோழிகளையும் அடைக்கு விடுவதும் இயலாது. வேண்டாத அடையைத் தெளிவிக்க நம் ஊர்களில் மூக்குத் துளையில் இறகைச் செருகி விடுகிறார்கள். வாயில்லாச் சீவனுக்கு இழைக்கும் வாதை என்றே அதனைச் சொல்வேன். அடிப்பக்கம் காற்றோடும் கம்பிக்கூட்டில், வைக்கோல் இல்லாமல், தீனியும் நீரும் கொடுத்து மூன்று நான்கு நாள் வைத்தால் வயிற்றுச் சூடு தணிந்து தானே தெளிந்துவிடும்.

மந்தைக்குள்ளே அடைவைப்பதில் உள்ள பெருந்தொல்லை மற்றப் பெட்டைகளே. அடைக்கோழி இரைக்கு எழுந்த கால்மணி நேரத்தில் இன்னொன்று வந்து அக்கூடையிலேயே முட்டையிட்டுப் போகும். திரும்பி வரும் அடைக்கோழி எண்ணிப் பார்ப்பதில்லை, எல்லாவற்றையும் அணைத்துக்கொள்ளும். பத்து நாள் பிந்தி வந்த முட்டைக்கு வாழ்வு கிடையாது. முதல் முட்டைகள் 21ஆம் நாள் பொரிந்ததும், ஓரிரு நாளில் தாய் குஞ்சுகளோடு எழுந்துவிடும். பிந்திய முட்டைக்குள் பாதி வளர்ந்த உயிர் குளிர்ந்து மடியும். இதைத் தடுக்கவே முட்டைகளில் கரிக்கோடு இடுகிறோம். கோடில்லாத முட்டையை அன்றன்றே எடுத்துவிடலாம். கரித்துண்டின் பயன் இதுதான்.

கோடு போட்டு வைக்கும் முட்டைகளில் இத்தொல்லை இல்லை. கோழி தானே ஒளித்து வைக்கும் முட்டைகளில்தான் சிக்கல். 2019ஆம் ஆண்டு மாசிக் கடைசியில் எங்கள் பொரிக்கோழி ஒன்று காணாமற்போனது. ஐந்தாம் நாள், இரு வீட்டுக்கும் பொதுவான இடிந்த மதிலையொட்டி எங்கள் பக்கம் கிடந்த விறகுக் குவியலின் உள்ளே அது அடையில் இருக்கக் கண்டோம். கீழே பதினொரு முட்டை. ஆறு எங்கள் கோழி இடும் வெளிறிய முட்டை. மற்ற ஐந்தும் சற்றே நீண்டு, தேயிலை நிறத்தில் இருந்தன. அடுத்த வீட்டு மாமியின் கறுப்புப் பெட்டை இடும் முட்டை அது என்பதைத் தெருவே அறியும். இரண்டு கோழிகளும் ஒரே மறைவிடத்தில் முட்டையிட்டு வந்திருக்கின்றன. முதலில் அடைக்கு வந்தது எங்களுடையது.

என் மனைவி ஐந்திலும் கரிக்கோடு போட்டுவிட்டு, மதிலருகே சென்று மாமியிடம் செய்தியைச் சொன்னாள். மாமி கைம்பெண், பேத்தி ஒருத்தியை வைத்து வளர்ப்பவர். முட்டையும் கோழியும் விற்றுவரும் காசு அவ்வீட்டிற்குக் கைச்செலவன்று. அரிசியும் நோட்டுப் புத்தகமும் அதில்தான் வாங்கியாக வேண்டும். “இருந்துட்டுப் போகட்டும், மகளே. எழுப்பினா எல்லாம் கெட்டுப்போகும்” என்றார்.

பதினைந்து நாள் கழியவில்லை. மாமியின் மந்தையில் வெள்ளைக் கழிச்சல் புகுந்தது. இராணிக்கெட் நோய் என்று மருத்துவர்கள் வழங்குவதும் இதனையே. வடநாட்டு மலையூர் ஒன்றின் பெயரைத் தாங்கி வந்து நம் கொல்லைகளை வெறுமையாக்கும் நோய். கழுத்துத் திருகி, மூச்சுத் திணறி, ஐந்தே நாளில் ஒன்பது கோழிகளும் போயின. கறுப்புப் பெட்டையும் அவற்றுள் ஒன்று. எங்கள் கோழிகளுக்கு அம்மாசியில் கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போட்டிருந்ததால் தப்பின. மாமி அவ்வாரம் பேத்தியின் காய்ச்சலோடு அரசு மருத்துவமனையில் இருந்தவர்.

அதன்பின் மாமி மதிலைத் தாண்டி எங்கள் கொல்லைக்குள் கால் வைக்கவில்லை. செருப்பிலும் சேலை ஓரத்திலும் நோய் ஒட்டி வரும் என்று மருந்தகத்தில் சொல்லியிருந்தார்கள். நோயுற்ற ஒட்டகங்களை உடையவர் அவற்றை நலமுள்ள ஒட்டகங்களிடம் கொண்டுசெல்ல வேண்டாம் என்ற பெருமானார் (ஸல்) அவர்களின் அறிவுரையை நான் பிள்ளைகளுக்குப் பலமுறை நடத்தியிருக்கிறேன். அதை இவ்வளவு நுட்பமாகப் பேணியவரை அதற்கு முன் கண்டதில்லை. காலையும் மாலையும் மதிலுக்கு அப்பால் நின்று, விறகுக் குவியலை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். அவருடைய மந்தையில் மிஞ்சியது எங்கள் கோழியின் வயிற்றடியிலிருந்த அந்த ஐந்து முட்டைகளே.

ஒன்பது பொரிந்தன. பொரிவதற்கு முதல்நாளே ஓட்டுக்குள்ளிருந்து கீச்சொலி கேட்கும். தாய் மெல்லிய குரலில் மறுமொழி கூறும்.  கோடிட்ட ஓடுகளில் நான்கு உடைந்திருந்தன. என் மனைவி அந்நான்கின் உச்சந்தலையில் மருதாணிக் குழம்பைத் தொட்டு வைத்தாள்.

வழக்கு இங்கேதான் பிறந்தது. அதுவும் தலைகீழான வழக்கு. நாங்கள் ஷாபிஈ வழியினர். கடற்கரையிலிருந்து வந்து ராவுத்தர் தெருவில் குடியிருப்பவர்கள். மாமி ஹனபி. ஒருவன் பிறர் முட்டையை அபகரித்துத் தன் கோழியிடம் வைத்துப் பொரித்தால் குஞ்சு யாருக்கு என்ற வினா சட்டநூல்களில் உண்டு. உடைமை உருமாறினாலும் உரியவருக்கே என்பது ஷாபிஈ முடிவு. முட்டை என்ற பெயரும் பயனும் போய் வேறொரு பொருளாகிவிட்டது. ஆகவே குஞ்சு அபகரித்தவனைச் சேரும், முட்டைக்கு மட்டும் அவன் ஈடு தரவேண்டும் என்பது ஹனபி முடிவு. மாமியின் தகப்பனார் ஓதியவர். அவர் வாயிலாக இதனை மாமி கேட்டிருக்கிறார். “எனக்குச் சேரவேண்டியது நாலு முட்டைதான். 21 நாள் பட்டினி கிடந்தது உன் கோழியில்லையா?” என்றார். “குஞ்சு உங்களுடையது, எங்கள் மத்ஹபு அப்படி” என்றாள் இவள். அவரவர் மத்ஹபு அடுத்த வீட்டிற்கே தீர்ப்புச் சொல்லியது. ‘அசரத்து’ சொல்லட்டும் என்று இருவரும் என்னிடம் வந்தார்கள்.

இங்கே அபகரிப்பு ஏது? கோழி தானே வந்து இட்டது. கோழி தானே அமர்ந்தது. கண்டவுடன் உரியவருக்குச் சொல்லி, அவர் இசைவோடு விட்டுவைத்திருக்கிறோம். இது அமானிதம். குஞ்சுகள் மாமிக்கே உரியன என்றேன். மாமி விடவில்லை. ஆட்டையும் கோழியையும் வாரத்திற்கு விடும் ஊர் வழக்கை எடுத்துக்காட்டி, பாதியாவது எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். வாரம் முன்கூட்டிப் பேசினால்தான் வாரம் என்றேன். பிறர் கையை எதிர்பார்த்தவர் என்ற பெயர் தமக்கு வரலாகாது என்பதில் அவர் கொண்டிருந்த உறுதியை நான் மதிக்கிறேன். ஆயினும் பேத்தியின் நோட்டுப் புத்தகம் அந்த நான்கு குஞ்சுகளில் இருந்தது.

உரிமை தீர்ந்தும் காரியம் தீரவில்லை. நாலு குஞ்சையும் அன்றே மதிலுக்கு அப்பால் கொடுத்திருந்தால், தாயின் சூடின்றி இரவைக் கடந்திரா. நோய் கண்ட மண்ணில் வேறு விடவேண்டும். தந்தை வழியில் வமிசம், தாய் மடியில் வளர்ப்பு என்று ஹளானத் பகுதியில் ஓதினேனே, அந்த ஏற்பாடே இங்கும் பொருந்தியது. உடைமை அவ்வீட்டிற்கு, வளர்ப்பு எங்கள் கோழிக்கு. தீனியில் பாதி தம் பொறுப்பு என்றார் மாமி. அதை மறுக்க எனக்கு மனமும் இல்லை, சட்டமும் இல்லை. குறுநொய்யும் இடித்த கம்பும் பேத்தி கொண்டுவந்து மதில்மேல் வைப்பாள். கரையான் பிடிப்பதில் மாமி கைதேர்ந்தவர். பழைய பானையில் காய்ந்த சாணமும் கிழிந்த சாக்கும் வைக்கோலும் திணித்து நீர் தெளித்து, மாலையில் புற்றருகே கவிழ்த்தால், விடியுமுன் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். குஞ்சுகளுக்கு அதனினும் சிறந்த உணவு இல்லை. நோய்மண் கலவாதிருக்க, தம் கொல்லையை விடுத்து ஊருணிக் கரையில் பானை வைத்தார்.

மந்தைக்கு நடுவே குஞ்சு வளர்ப்பது தனிக்கலை. கோழிகளிடையே யார் யாரைக் கொத்தலாம் என்றொரு படிவரிசை உண்டு; நார்வே நாட்டு அறிஞர் ஒருவர் அதனை ஆராய்ந்து 1921இல் வெளியிட்டார். குஞ்சுடைய தாய்க்கோழி அவ்வரிசையை மதிப்பதில்லை. கடைசிப் படியில் கிடந்த பொரிக்கோழி சேவலையே விரட்டியது. முதல் வாரம் தாயும் குஞ்சுமாகப் பஞ்சாரத்தில் வைத்தோம். மற்றவை பார்க்கும்படி, நெருங்காதபடி. அதன்பின் தாயோடு வெளியே விட்டோம். தாயின் காவலிலேயே மந்தைக்கு அறிமுகமாகும் குஞ்சுகள் பிழைக்கின்றன. தனியே வளர்த்துப் பின்னாளில் சேர்ப்பவை கொத்துப்பட்டுச் சாகின்றன. இரைநேரத்தில் பஞ்சாரத்தைச் செங்கல்மேல் உயர்த்தி வைப்போம். குஞ்சு நுழையும், பெரியவை நுழையா. முட்டைக்கோழிக்கான சுண்ணாம்பு மிக்க தீவனம் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், ஆகவே இத்தடுப்பு. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடவேண்டும், இல்லையேல் மூழ்கும். ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து விட்டோம், ஒன்பதுக்கும்.

இத்தனை செய்தும் மூன்று போயின. ஒன்றைப் பருந்து எடுத்தது, ஒன்றைக் காகம், ஒன்று பிறவியிலேயே நோஞ்சான். பருந்து எடுத்தது மருதாணித் தலை. அமானிதப் பொருள் காப்பவரின் கவனக்குறைவின்றி அழிந்தால் ஈடில்லை என்பது சட்டம், மாமியும் அறிவார். அன்று மாலை என் மனைவி அடுக்களையில் பேசாமல் இருந்தாள். மறுநாள் எங்கள் குஞ்சொன்றின் தலையில் மருதாணி இருந்தது. நான் பார்த்தேன், கேட்கவில்லை. மாமி மதிலுக்கு அப்பால் நின்று எண்ணினார். “பருந்து தூக்குனதை நான் கண்ணால பார்த்தேன், மகளே” என்று மட்டும் சொன்னார். மருதாணி மறுநாள் அழிந்தது. பூமயிர் உதிர்ந்து இறகு முளைத்ததும், மூன்றே குஞ்சுகளின் காலில் சிவப்பு நூல் கட்டப்பட்டது; கால் பருக்கப் பருக்க நூலை வாரந்தோறும் தளர்த்திக் கட்டினார்கள்.

எட்டாவது வாரத்தில் பொரிக்கோழி குஞ்சுகளைக் கொத்தி விரட்டத் தொடங்கியது. அதுவரை ஒரு மண்புழுவைக் கண்டால் தான் தின்னாமல் ‘டுக், டுக்’ என்று அழைத்த தாய், இப்போது அருகே வந்தாலே அடிக்கிறது. பார்க்கப் பொறாத காட்சி. ஆனால் அதன் இரத்தத்தில் ஊற்று மாறிவிட்டது. மீண்டும் முட்டையிடப் போகிறது. மாமி தம் கூட்டைச் சுண்ணாம்படித்து, மண்ணைச் சுரண்டி, இரண்டு மாதம் வெயிலில் வெறுமையாகப் போட்டிருந்தார். இரண்டு பெட்டையும் ஒரு சேவலும் இரவோடிரவாக அங்கே போயின. காலையில் திறந்துவிட்டால் மதிலேறி இங்கே வரும். அந்தியில் பேத்தி கூடையோடு வந்து பிடித்துப் போவாள். ஒரு வாரம் கூட்டிலேயே அடைத்து வைத்த பிறகுதான் வீடு மறந்தன.

சேவலை மாமி ஆவணியில் விற்றார். ஐப்பசி மழை தொடங்கிய வேளையில் பெட்டைகளில் ஒன்று முதல் முட்டையை இட்டது. தேயிலை நிறம், சற்றே நீளம். இட்ட இடம் எங்கள் விறகுக் குவியல். என் மனைவி அடுப்பிலிருந்து கரித்துண்டை எடுத்து, ஒரு கோடு போட்டு, பேத்தியின் கையில் கொடுத்தனுப்பினாள்.